சமையற்கூடத்து மோனம்: 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் அமைதிநெறி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

பொறுமை என்னும் சொல் முற்போக்கு விமர்சகரிடையே நற்பெயர் பெற்ற சொல்லன்று. ஒடுக்கப்பட்டோரை அவர்தம் நிலையிலேயே இருத்திவைப்பதற்குச் சமய நிறுவனங்கள் கையாண்ட போதனைகளுள் பொறுமை பற்றிய போதனையே தலையாயது என்பது நமது பொதுவான கணிப்பு. இக்கணிப்புக்கு வரலாற்றுச் சான்றுகள் ஏராளம் உண்டு. அவற்றை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் இக்கணிப்பைக் கொண்டு விளக்க முடியாத ஒரு நிகழ்ச்சி ஐரோப்பியக் கிறித்தவ வரலாற்றிலே உண்டு. சொல்லையும் முயற்சியையும் ஒடுக்கி, பொறுமையோடு காத்திருந்து, உள்ளத்தின் அமைதியிலேயே இறைபிரசன்னத்தை உணரலாம் என்று போதித்த ஒரு நெறியை, 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பதினைந்து ஆண்டுகளில் பாப்பரசரும் பிரான்சிய மன்னரும் ஒருங்கு சேர்ந்து நசுக்கினர். அந்நெறியைப் போதித்த குரு ஒருவர் றோமிலே சிறையில் மடிந்தார். பெண்ணொருத்தி பஸ்ரீல் சிறைக்கு அனுப்பப்பட்டாள். பேராயர் ஒருவர் அரசவையிலிருந்து அகற்றப்பட்டார். மக்களுக்குப் பொறுமையைப் போதித்த அதே அதிகாரபீடங்கள், பொறுமையின் உச்சநிலையை ஏன் குற்றமெனக் கண்டன? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இங்கு நம் பணி.

முதலில் நமது ஆய்வுமுறை பற்றி ஒரு குறிப்பு. சமயம் பற்றி மாக்ஸ் 1844இல் எழுதியவற்றுள் அபின் பற்றிய உவமை மாத்திரமே நம்மவர் பலரின் நினைவில் நிலைத்துள்ளது. அவ்வுவமைக்குச் சற்று முன்னதாக, மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் சமயத்தை அவர் ஒரே மூச்சில் குறிப்பிட்டதை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு சமயக் கூற்று எப்போது வெளிப்பாடு, எப்போது முறைப்பாடு என்பதை முன்கூட்டியே விதித்துவிட முடியாது. யார் கூறினார், எந்த உழைப்பின் நடுவே கூறினார், யாருக்கு அது உவப்பாயிருந்தது, யாருக்கு உறுத்திற்று என்பனவற்றை ஒவ்வொரு தறுவாயிலும் தனித்தனியே ஆராய்ந்துதான் தெளிய வேண்டும்.

தமிழிலே பொறு என்னும் அடி, சுமத்தல், தாங்குதல் என்னும் பொருள்களை உடையது. பொறுமையும் பொறுப்பும் அவ்வோரடியினின்றும் பிறந்தவை. பாரம் ஒன்றைத் தாங்குகின்ற உடலே இச்சொற்களின் பின்னணியில் நிற்கிறது. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரமும், தன்னை அகழ்வாரைச் சுமந்து நிற்கும் நிலத்தின் உவமையோடுதான் தொடங்குகிறது. இலத்தீன் மரபிற் பொறுமையைக் குறிக்கும் சொல்லோ துன்புறுதல் என்ற வினையடியிலிருந்து வந்தது. ஒன்று சுமையை நோக்குவது. மற்றது வேதனையை நோக்குவது. கீழே நாம் சந்திக்கவுள்ள மனிதர் இலத்தீன் கல்லாதவர். அவருடைய பொறுமை, கருத்தளவில், தமிழ்ச்சொல்லுக்கே நெருங்கியது எனத் தோன்றுகிறது.

நிக்கொலா எர்மன் 1614 அளவில் லொறேன் பிரதேசத்தில், லூனெவில் நகருக்கு அண்மையிலுள்ள எரிமெனில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். லொறேன் அக்காலத்திற் பிரான்சுக்கும் ஜேர்மானியப் பேரரசுக்கும் இடையிற் சிக்கிய ஒரு சிற்றரசு. முப்பதாண்டுப் போரின் (1618 - 1648) படைகள் யாவும் அந்நிலத்தை மிதித்துச் சென்றன. நான்சி நகரைச் சேர்ந்த சித்திரக்காரர் யாக் கலோ 1633இல் வெளியிட்ட போரின் பெருந்துயரங்கள் பற்றிய செதுக்கோவியத் தொகுதி, கொள்ளையிடும் படைவீரரையும், அவரைப் பழிவாங்கும் குடியானவரையும், ஒரே மரத்தில் வரிசையாகத் தூங்கும் பிணங்களையும் காட்டுகிறது. எர்மன் அந்த உலகத்தின் கடைநிலைப் படைவீரர்களுள் ஒருவர். ஜேர்மானியப் படையினரிடம் சிறைப்பட்டு, உளவாளியெனக் கருதப்பட்டுத் தூக்கிலிடப்படும் தறுவாயிலிருந்து தப்பினார். பின்னர் 1635இல் சுவீடியப் படையுடனான மோதலிற் காயமுற்றார். அக்காயம் வாழ்நாள் முழுவதும் அவரை நொண்டியாக்கிற்று. போருக்குப் பின்னர் செல்வர் ஒருவரின் வீட்டில் ஏவலாளாகச் சேவித்தார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடும் விகாரமான வேலைக்காரன் என்று தம்மைப் பற்றி அவரே பிற்காலத்திற் சொல்லிக்கொண்டார். 1640இல் பாரிஸ் நகரின் வோஜிறார் தெருவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1642 ஓகஸ்டில் வார்த்தைப்பாடு கொடுத்தார். உயிர்ப்பின் லோறன்ஸ் என்பது மடம் அவருக்கு அளித்த பெயர்.

இங்கு மடத்தின் உள்ளமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகும். வெளியுலகின் வர்க்கப் பிரிவினை மடத்தின் வாயிலோடு நின்றுவிடவில்லை. இலத்தீன் கற்று, குருப்பட்டம் பெற்று, பாடற்கூடத்திற் குறித்த நேரங்களிற் சங்கீதங்களை ஓதுவோர் ஒரு பிரிவினர். சமைத்தல், தோட்டவேலை, உடை தைத்தல், வாயில் காத்தல் ஆகியவற்றைச் செய்யும் பொதுநிலைச் சகோதரர் மற்றொரு பிரிவினர். இரண்டாம் பிரிவினருக்கு மடத்து அவையில் வாக்குரிமை இல்லை. மத்திய காலத்திலிருந்து தொடர்ந்து வந்த இப்பிரிவினை, செபம் என்னும் உயர்ந்த தொழிலைச் சிலர் தடையின்றிச் செய்வதற்காக மற்றையோர் உடலுழைப்பை மேற்கொள்ளும் ஏற்பாடாகவே இயங்கிற்று. காலத்தைப் பற்றிய பிரிவினையும் இதனுள் அடக்கம். செபநேரம் என்பது ஒருவகைக் காலம். வேலைநேரம் மற்றொரு வகைக் காலம். முன்னது இறைவனுக்குரியது, பின்னது அதற்குத் துணையானது.

லோறன்ஸ் சமையற்கூடத்தில் அமர்த்தப்பட்டார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அங்கு வேலை செய்தார். காலின் நோவு மிகுந்து நிற்க இயலாதபோது, இருந்து செய்யக்கூடிய பாதரட்சை திருத்தும் வேலைக்கு மாற்றப்பட்டார். சமையல் அவருக்கு இயல்பாகவே மிக வெறுப்பான தொழில். இக்குறிப்பு முக்கியமானது, பக்தி நூல்களைப் படிப்போர் இதனை விரைந்து கடந்து சென்றுவிடுகின்றனர். விரும்பிய தொழிலைப் புனிதப்படுத்திய ஒருவரின் கதையன்று இது. மடத்துக்கு வேண்டிய திராட்சை மதுவை வாங்கிவரும்படி அவர் பேகண்டிப் பிரதேசத்துக்கும் அனுப்பப்பட்டார். கால் விளங்காத அவர் படகிலே நடமாட முடியாமல் மதுப்பீப்பாய்களின் மேல் உருண்டே நகர்ந்தார் என்று அறிகிறோம்.

இந்நிலையில் அவர் கண்டடைந்த வழி மிக எளியது. இறைவன் தம்மோடு இருக்கிறார் என்னும் நினைவை, குறித்த நேரத்துக்குரிய ஒரு பயிற்சியாக அன்றி, நாள் முழுவதும் இடையறாது பேணுதலே அது. நினைவு தவறும்போது தம்மை நொந்துகொள்ளாமல் அமைதியாக அதனிடம் மீளுதல். அதற்கு மேல் முறையோ படிமுறையோ இல்லை. சட்டியில் முட்டைப் பொரியலைத் திருப்பிப் போடுவதும், நிலத்திற் கிடக்கும் ஒரு துரும்பைப் பொறுக்குவதும் இறையன்புக்காகச் செய்யப்படுமாயின் செபமே என்றார். பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பொருள்களைக் கேட்டுக் கூவும் சமையற்கூடத்தின் ஆரவாரத்திலும், நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு உண்டென்றார். இந்த அமைதி அவருக்கு விரைவிலே வந்துவிடவில்லை. முதற் பத்தாண்டுகள் உள்ளம் வறண்டு, தாம் இறைவனாற் கைவிடப்பட்டவர் என்ற அச்சத்தோடே கழிந்தன. அந்த அச்சம் நீங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அது இருக்கும்போதே வேலையையும் அன்பையும் தொடரலாம் என்று தீர்மானித்தபோதுதான் அச்சம் நீங்கிற்று. அவருடைய பொறுமை என்பது உண்மையில் இந்தப் பத்தாண்டுகளே.

நமது சூழலிலே இதனைச் சித்தர் மரபின் சும்மா இருத்தலோடு உடனடியாக ஒப்பிடும் ஆர்வம் எழக்கூடும். அது அவசரமான ஒப்புமையாகும். லோறன்ஸ் ஒருபோதும் சும்மா இருந்தவரல்லர். இருக்க அவருக்கு நேரமும் இல்லை.

மேற்கூறிய போதனையில் ஒரு சமூக உட்கிடை உண்டு. வேலைநேரத்துக்கும் செபநேரத்துக்கும் வேறுபாடில்லை என்ற கூற்றை ஒரு பேராயர் கூறியிருந்தால் அது வெறும் ஞானவாக்கியம். மடத்துச் சமையற்காரர் கூறும்போது, மடத்தின் பிரிவினைக்கு அடிப்படையான காலப் பாகுபாடே அதனால் மறுக்கப்படுகிறது. பாடற்கூடத்தில் நடப்பது சமையற்கூடத்திலும் நடக்குமெனின், பாடற்கூடத்தாருக்குரிய தனியுயர்வு எங்கே? ஆயின் மறுபுறத்தையும் மறைக்காது கூறவேண்டும். இம்மறுப்பு முழுவதும் அகவுலகிலேயே நிகழ்ந்தது. வெறுத்த தொழிலை வெறுப்பின்றிச் செய்ய அவர் கற்றார். அத்தொழிலை யார் யாருக்காகச் செய்யவேண்டும் என்ற ஏற்பாடு தொடப்படவில்லை. மடத்தின் மேலோருக்கு இதனினும் உவப்பான சமையற்காரர் கிடைத்திரார். உழைப்பின் மதிப்பை உயர்த்தியதும் உழைப்பின் நிபந்தனைகளை அப்படியே விட்டதும் ஒரே செயலின் இரு முகங்கள். இவற்றுள் ஒன்றை மாத்திரம் காண்போர், பக்தராயினும் பகுத்தறிவாளராயினும், பாதி மனிதரையே காண்கின்றனர்.

இலக்கிய மாணாக்கர் கவனிக்கவேண்டிய பிரதிப் பிரச்சினை ஒன்றும் உண்டு. லோறன்ஸ் பெயரால் வழங்கும் சிறு நூலின் பெரும்பகுதி அவருடைய கையெழுத்தன்று. யோசெப் டி பொபோர் என்ற குரு 1666 ஓகஸ்ட் 3ஆம் தேதி முதலாக அவரோடு நடத்திய உரையாடல்களைப் பின்னர் நினைவிலிருந்து பதிவுசெய்தார். லோறன்ஸ் 1691 பெப்ரவரி 12ஆம் தேதி இறந்தபின், எஞ்சிய கடிதங்களையும் சிறு குறிப்புகளையும் 1692இலும், வாழ்க்கைக் குறிப்பையும் உரையாடல்களையும் 1694இலும் வெளியிட்டார். ஆகவே உழைப்பாளி ஒருவரின் குரல், கற்ற குருவானவர் ஒருவரின் மொழியினூடாகவே நம்மை வந்தடைகிறது. எந்த ஓசைகள் அவ்வழியில் அடங்கிப்போயின என்பதை அறிய வழியில்லை. எனினும் முட்டைப் பொரியலும் மதுப்பீப்பாய்களும் பொபோரின் கற்பனையாக இருத்தல் அரிது. கற்றோர் தாமாகப் புனையும் ஞானிகள் பெரும்பாலும் இவ்வளவு சமைப்பதில்லை.

அதே நகரிலே, அதே தலைமுறையிலே, மோனம் முற்றிலும் வேறொரு பொருளையும் பெற்றிருந்தது. ஜான்சனியர் எனப்பட்டோரின் போர் றோயல் வட்டத்திற் பஸ்காலும் றசீனும் உருவாயினர். இவர்களைப் பற்றி லூசியன் கோல்ட்மன் 1955இல் வெளியிட்ட 'மறைந்துறையும் கடவுள்' என்னும் ஆய்வு, மாக்சிய இலக்கியச் சமூகவியலின் முக்கிய நூல்களுள் ஒன்று. உத்தியோகப் பிரபுக்கள் என்ற வகுப்பினர் தம் பதவிகளுக்கு முடியாட்சியை நம்பியிருந்தனர். அதே முடியாட்சி புதிய அதிகாரிகளை நியமித்து அவர்களின் செல்வாக்கைக் குறைத்துவந்தது. எதிர்க்கவும் இயலாது, ஏற்கவும் இயலாது என்ற இந்நிலையே, உலகை மறுத்தும் உலகிலேயே வாழும் துன்பியல் நோக்காக வெளிப்பட்டதென கோல்ட்மன் விளக்கினார். அவர்களுடைய கடவுள் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவர், ஆனாற் பேசாதவர். அந்த மோனம் நீதியரங்கில் தீர்ப்புக்காகக் காத்திருப்பவனின் காதில் விழும் மோனம்.

கோல்ட்மனின் முறையை நாம் மதிக்கிறோம். ஆயின் அவருடைய ஆய்வில் லோறன்ஸ் போன்றோருக்கு இடமில்லை. பதவியை இழக்கும் அச்சமுடைய வகுப்புக்குக் கடவுளின் மோனம் இன்மையாகத் தெரிந்தது. இழப்பதற்கு ஏதுமற்ற நொண்டிப் படைவீரனுக்கு அதே மோனம் துணையாகத் தெரிந்தது. இதனை வாய்பாடாக்கிவிடக் கூடாது. கடைநிலையில் உள்ளோர் யாவரும் ஆறுதல் அடைவர் என்பதற்கில்லை. எனினும் இறைபிரசன்னம் பற்றிய அனுபவமும் சமூகத் தளத்தைச் சார்ந்தே வடிவம் பெறுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அந்நூற்றாண்டிற் கிடைப்பது அரிது.

சமையற்கூடத்துக்குள் இருந்தவரை இந்நெறி யாரையும் உறுத்தவில்லை. அது நூலாகி, வெளியே வந்து, எல்லோருக்கும் உரியதென அறிவிக்கப்பட்டபோதே நிலைமை மாறிற்று. ஸ்பானிய குருவான மிகேல் டி மொலினோஸ் 1675இல் றோமில் வெளியிட்ட 'ஆன்மீக வழிகாட்டி' விரைவிற் பல பதிப்புகளைக் கண்டது. ஆன்மா தன் முயற்சிகளை ஒடுக்கி இறைவன் முன் அமைந்திருத்தலே போதும் என்பது அதன் சாரம். 1685இல் மொலினோஸ் கைதானார். 1687 செப்ரெம்பரில் றோமிலே மக்கட் கூட்டத்தின் முன் தம் கருத்துக்களைத் துறக்கவைக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரிற் பாப்பரசர் பதினோராம் இன்னசன்ட் 68 கூற்றுகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். 1696இல் மொலினோஸ் சிறையிலேயே இறந்தார். ஐரோப்பிய மொழிகளிற் குவையற்றிசம் என வழங்குவதும், இங்கு நாம் அமைதிநெறி என்று குறிப்பதும் இவரைத் தொடர்ந்து பெயர்பெற்ற போக்கினையே.

பிரான்சில் இப்போக்கின் முதன்மைக் குரல் ஒரு பெண்ணுடையது. மொந்தார்ஜி நகரில் 1648இற் பிறந்து, 28 வயதில் விதவையான மடம் கியுயோன், 1685இல் கிறனோபிளில் வெளியிட்ட சிறு நூலொன்றில் உள்ளச் செபத்தின் எளிய குறுக்குவழியை எடுத்துரைத்தார். எழுத்தறியாதவரும் இவ்வழிக்குப் புறம்பானவரல்லர் என்பதும், குருமார் குடியானவருக்கும் தொழிலாளருக்கும் வினாவிடையை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடாது இவ்வழியைக் கற்பிக்க வேண்டும் என்பதும் அந்நூலின் வற்புறுத்தல்களாகும். குருப்பட்டம் பெற இயலாத ஒருத்தி, குருமாரின் இடையீடு இன்றியமையாததன்று எனத் தோன்றும்படி எழுதினாள் என்பதே குற்றத்தின் உட்கிடை. 1688இல் அவர் முதன்முறை தடுத்துவைக்கப்பட்டார். மன்னரின் இரகசிய மனைவியான மடம் டி மன்ரனோனின் தலையீட்டால் விடுவிக்கப்பட்டு, அவரால் 1686இல் நிறுவப்பட்ட சன்-சீர் பெண்கள் கல்விக்கூடத்திற் செல்வாக்குப் பெற்றார். வறுமையுற்ற பிரபுக் குடும்பங்களின் புதல்வியருக்கான நிலையம் அது. அங்கு புதிதாகச் சேர்ந்த சகோதரிகள், கூட்டும் வேலையை விட்டுத் தும்புத்தடியிற் சாய்ந்தபடி தியானத்தில் ஆழ்ந்தனர் என்ற முறைப்பாடு எழுந்தது. லோறன்ஸின் மோனம் சட்டியை அடுப்பில் வைத்தது. சன்-சீரின் மோனம் தும்புத்தடியை நிறுத்திற்று. வேலைசெய்யும் மோனத்தைப் பொறுத்துக்கொண்ட நிறுவனங்கள் வேலைநிறுத்தும் மோனத்தைப் பொறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1694 - 1695ஆம் ஆண்டுகளில் இசி என்ற இடத்தில் நடைபெற்ற விசாரணை 34 உறுப்புரைகளில் முடிவுற்றது. விசாரித்தோருள் தலையாயவர் மோ மறைமாவட்ட ஆயர் பொசுவே. மற்றொருவர் சாலோன் ஆயர் நொவாய். லோறன்ஸின் நூலைப் பதிப்பித்த பொபோர் இவருடைய பிரதிகுருவாவார் என்பதை வரலாற்றின் சிறு குறும்புகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். பின்னர் எழுந்த வாதத்தில் எதிர்த்தரப்பினர் லோறன்ஸையே தமக்குச் சான்றாகக் காட்டினர். கியுயோன் 1695 டிசம்பரில் வன்சென் கோட்டையிலும், 1698 முதல் 1703 வரை பஸ்ரீலிலும் அடைக்கப்பட்டார்.

பொசுவேயின் நிலைப்பாட்டிலேதான் நமது வினாவுக்கான விடை உள்ளது. அவர் முடியாட்சியின் மிகச்சிறந்த கருத்துநிலையாளர். பட்டத்து இளவரசனின் ஆசிரியராக இருந்த காலத்தில் எழுதத் தொடங்கி, அவர் இறந்தபின் 1709இல் வெளிவந்த அரசியல் நூலில், விவிலியச் சான்றுகளைக் கொண்டு மன்னரின் அதிகாரம் தெய்விகமானது என நிறுவினார். மன்னன் கொடுமை செய்யினும் குடிகள் மரியாதையான விண்ணப்பத்துக்கும் செபத்துக்கும் மேலாக எதனையும் நாடக்கூடாது என்பது அந்நூலின் தெளிவான போதனை. அரசியலில் இவ்வளவு பொறுமையை வேண்டியவர், ஆன்மீகத்திலே பொறுமையைக் கண்டித்தார். இசி உறுப்புரைகளின்படி, கிறித்தவன் தன் ஈடேற்றத்தை வெளிப்படையாக விரும்பவும் வேண்டவும் கடமைப்பட்டவன். எதனையும் வேண்டாத, எதனையும் அஞ்சாத மோனம் அவனுக்கு விலக்கப்பட்டது.

இது முரண்பாடுபோற் தோன்றினும் உண்மையில் முரணன்று. கீழ்ப்படிவு என்பது அச்சம், எதிர்பார்ப்பு என்னும் இரு கயிறுகளால் இயங்குவது. பரிசையும் தண்டனையையும் வழங்கும் அதிகாரம், அவ்விரண்டையும் பொருட்படுத்தாதவனிடம் செயலிழந்துபோகும். இறைவனிடமே மோட்சத்தை எதிர்பாராது, நரகத்தை அஞ்சாது நிற்கக் கற்ற ஒருவன், மன்னனிடம் ஓய்வூதியத்தை எதிர்பார்த்தும் பஸ்ரீலை அஞ்சியும் நிற்பான் என்பதற்கு என்ன உறுதி? பொசுவே இவ்வாறு வெளிப்படையாகக் கூறவில்லை. அவருடைய வாதம் முழுவதும் இறையியல் வாதமே. ஆயினும் வெர்சாயி அரசவை, சலுகையையும் புறக்கணிப்பையும் கொண்டு ஒரு பிரபுக்குலத்தையே கட்டிவைத்திருந்த அமைப்பு என்பதை நினைவிற் கொண்டால், எதிர்பார்ப்பற்ற அன்பு அங்கு ஏன் அபாயமாக ஒலித்தது என்பது விளங்கும். இறைவனுக்குரிய பொறுமையும் ஆள்வோருக்குரிய பொறுமையும் ஒரே சொல்லாற் குறிக்கப்பட்டன. ஒன்று மற்றதன் வேரை அறுக்கக்கூடியது.

இங்கே அக்கால இலக்கியத்தின் மற்றொரு கூறையும் இணைத்துப் பார்த்தல் பயனுடைத்து. லா றோஷ்பூக்கோ 1665இல் வெளியிட்ட நீதிமொழிகள், மனிதப் பண்புகள் யாவற்றின் அடியிலும் தன்னலக் கணக்கு ஒளிந்திருப்பதை இரக்கமின்றித் தோண்டிக் காட்டின. வாணிப முதலாளித்துவம் கொல்பேரின் நிருவாகத்தின்கீழ் வேரூன்றிய காலம் அது. நலன், இலாபம், கணக்கு என்பன ஒழுக்கவியலின் சொற்களாகவும் மாறிவிட்டன. இச்சூழலிலே தூய அன்பு என்ற கோட்பாட்டை முன்வைத்தவர் பெனெலோன். தன்னலம் கலவாத அன்பு சாத்தியம் என்பது அவருடைய 1697ஆம் ஆண்டு நூலின் மையம். கணக்கு எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்த வேளையிற் கணக்குக்கு அடங்காத ஒன்றை நிலைநாட்டும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். பிரபு வம்சத்தவரின் ஏக்கம் அதிற் கலந்துள்ளது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பெனெலோன் 1689 முதல் மன்னரின் பேரனான பேகண்டிக் கோமகனின் ஆசிரியர். 1695 முதற் கம்பிறே பேராயர். கியுயோனைக் கைவிட மறுத்தவர். அமைதியையும் தன்னொடுக்கத்தையும் போதித்த இவர் பதினான்காம் லூயிக்கு ஒரு கடிதம் வரைந்தார். 1693 - 1694ஆம் ஆண்டுகளில் பிரான்சில் நிலவிய பஞ்சம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதென வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். போருக்கான வரிகள் அப்போதும் தளரவில்லை. பெயர் குறிப்பிடாது எழுதப்பட்ட அக்கடிதம், நாடு முழுவதும் உணவற்ற பெரும் மருத்துவசாலையாகிவிட்டது, மக்கள் பசியால் மடிகின்றனர், மன்னரின் போர்களும் புகழாசையுமே இதற்குக் காரணம் என நேரடியாகச் சாடுகிறது. அது மன்னரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றில்லை. பெனெலோனின் கையெழுத்திலுள்ள படி பிற்காலத்திற் கிடைத்தது. பொறுமையைக் கண்டித்த பொசுவே பஞ்ச காலத்திலும் மன்னரின் அணுக்கராகவே இருந்தார்; பொறுமையைப் போதித்தவரே பொறுமையிழந்து எழுதினார். அகவமைதி சமூக அசட்டைக்கே இட்டுச்செல்லும் என்ற எளிய சூத்திரம் இவ்விடத்திற் பொருந்தவில்லை.

ஆயினும் பெனெலோனைப் புரட்சியாளராக்குதல் நகைப்புக்கிடமானது. அவர் வேண்டியது நல்ல மன்னரையே. 1699இல் அவருடைய இசைவின்றி அச்சேறிய 'தெலெமாக்' என்னும் கதைநூல் ஆடம்பரத்தையும் போரையும் கண்டித்து, உழவின் எளிமையைப் போற்றி, அரசவையைச் சினமூட்டிற்று. முடியாட்சியை அது நிராகரிக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் 12ஆம் தேதி, மன்னரின் இடையறாத வற்புறுத்தலின் பின், பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னசன்ட் பெனெலோனின் முன்னைய நூலிலிருந்து 23 கூற்றுகளைக் கண்டித்தார். தண்டனை பற்றிய அச்சமோ பரிசு பற்றிய விருப்போ இல்லாத நிலையான அன்பு உண்டென்ற கூற்று அவற்றுள் முதலாவது. பெனெலோன் கண்டனத்தை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். 1715இல் இறக்கும்வரை கம்பிறேயை விட்டு அவர் அரசவைக்குத் திரும்பவில்லை.

கத்தோலிக்கப் பிரான்சில் அதன்பின் உள்ளச் செபம் பற்றி எழுதுவோர் அஞ்சி அஞ்சியே எழுதினர். லோறன்ஸின் நூலும் அங்கு மறதியுள் ஆழ்ந்தது. அதனைக் காத்தவர் புரட்டஸ்தாந்தரே. நெதர்லாந்தில் வாழ்ந்த பியெர் புவாறே அதனை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபதிப்புச் செய்தார். இங்கிலாந்தில் யோன் வெஸ்லி 1749 - 1755இல் வெளியிட்ட கிறித்தவ நூற்றொகுதியில் அதன் பகுதிகளைச் சேர்த்தார். இங்கே கதை மற்றொரு திருப்பம் அடைகிறது. ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளி வர்க்க வரலாற்றில், மெதடிஸ்தம் ஆலைத்தொழிலுக்கு வேண்டிய ஒழுங்கையும் அடக்கத்தையும் தொழிலாளரின் உள்ளத்திலேயே ஊன்றியதை விரிவாகக் காட்டினார். எந்த வேலையும் செபமாகலாம் என்ற வாக்கு, மடத்துச் சமையற்காரரின் வாயிலே பாடற்கூடத்தின் உயர்வை மறுத்தது. ஆலை மேற்பார்வையாளரின் வாயிலே பதினான்கு மணிநேர வேலையை நியாயப்படுத்தக்கூடியதாயிற்று. இன்று பெருங்கம்பனிகள் தம் ஊழியருக்கு மன அமைதிப் பயிற்சி வழங்குவதும் இவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கது. வேலைப்பளுவைக் குறைப்பதினும் வேலையாளின் மூச்சைச் சீராக்குவது மலிவானது.

எனவே அமைதியையும் பொறுமையையும் பற்றிய ஒரு போதனை நம்முன் வைக்கப்படும்போது, அதன் சொற்களை மாத்திரம் கொண்டு தீர்ப்புரைப்பதற்கில்லை. சுமப்பவன் தன் சுமையைத் தாங்குவதற்குத் தானே கண்ட வழியும், சுமையை ஏற்றுபவன் சுமப்பவனுக்கு ஓதும் புத்திமதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கக்கூடும்.

லோறன்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் எந்தப் பிரிவினையின் கீழ்ப்படியில் நின்றாரோ, அப்பிரிவினை பற்றி அவர் முறைப்பட்டதாக அவருடைய நூலில் எங்கும் இல்லை. முறைப்பட்டிருந்தாலும் பொபோர் அதனைப் பதிந்திருப்பாரா என்பது வேறு கேள்வி. பொதுநிலைச் சகோதரரைச் சமூகத்தின் வாழ்வோடும் பணிகளோடும் நெருக்கமாக இணைக்கவேண்டும் என்றும், குருத்துவத்திலிருந்து எழுவன தவிர்ந்த ஏனைய உரிமைகளையும் கடமைகளையும் துறவிமடங்களில் அவர்கள் சமமாகப் பெறலாம் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஆணையிட்டது. சமையற்கூடத்திலிருந்து அவைக்கூடத்துக்கான அந்தச் சில அடிகளைக் கடக்க, லோறன்ஸ் வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து 323 ஆண்டுகள் சென்றன.